ஆழாக்குக்கு எத்தனை கிராம்

நறுக்கிய அன்னாசி ஒரு ஆழாக்கு எத்தனை கிராம் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சாறோடு நூற்றுப் பதினைந்து. சாற்றை வடித்துவிட்டால் நூறுக்குக் கொஞ்சம் மேலே. கொய்யாவும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆப்பிள் எண்பத்தைந்தைத் தாண்டாது. துருவிய மாங்காயை மட்டும் நம்பாதீர்கள். அழுத்தாமல் போட்டால் ஒரு எடை, விரலால் ஒரு அமுக்கு அமுக்கினால் வேறு எடை. சங்கராபுரத்திலிருந்தும் மலைமேலிருந்தும் ஜாம் போடுகிற பெண்கள் எனக்குப் போன் செய்கிறார்கள். "அக்கா, ரெண்டு கிலோ பழம்னு எழுதியிருக்குது, எங்க வூட்ல தராசு இல்ல, எத்தினி ஆழாக்கு போடட்டும்?" என்பார்கள். அடுப்பை விட்டு நகராமலே பதில் சொல்லிவிடுவேன்.

பப்பாளியைக் கேட்டால் மட்டும் எனக்குப் பேச்சு வராது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அந்தப் பக்கம் "அலோ, அலோ" என்று கத்துவார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொல்வேன்.

இந்தக் கணக்கையெல்லாம் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் செத்த பிறகு கற்றுக்கொண்டேன். அவர் உயிரோடு இருந்தபோது கற்றிருக்க வேண்டும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: என் கையால் அந்த மனுஷனை நான் வீணாகப் பட்டினி போட்டேனா, இல்லையா? இதற்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கள்ளக்குறிச்சியில் எடை போடுகிற வேலையில் இருந்தார். கமிட்டி என்று நாங்கள் சொல்லும் விற்பனைக்கூடத்துக்கு உளுந்தும் மக்காச்சோளமும் மூட்டை மூட்டையாக வரும். அதைத் தராசில் ஏற்றி எடை சொல்லுவார். ஏற்றுவதற்கு முன்னாலேயே மூட்டையின் காதைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்து, "இது அறுவத்தி ரெண்டு" என்பார். அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் என்னையும் ஒரு தரம் தூக்கி எடை சொன்னார். சரியாகத்தான் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை.

ஓய்வு பெற்று ரெண்டு வருஷத்தில் அவருக்குக் கிட்னி போய்விட்டது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம், வடக்கனந்தல் வீட்டில் நாங்கள் ரெண்டே பேர். வாரத்துக்கு ரெண்டு நாள் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவோம். சாப்பாடு என்ன கொடுக்கலாம் என்று அங்கே இருந்த அம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பொறுமையான அம்மா, ஒவ்வொன்றாகச் சொன்னார். காயை நறுக்கி, வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். வாழைப்பழம், மாம்பழம், பலாப்பழம், இளநீர் வாசனைகூடப் பார்க்கக் கூடாது. பழம் தின்றே ஆக வேண்டுமென்றால் பப்பாளி, ஆப்பிள், கொய்யா, அன்னாசி இவற்றில் ஏதாவது ஒன்று. நறுக்கியது நூறு கிராம், ஒரு நாளைக்கு. அதைப் பச்சடியாகச் சமைத்துப் போட்டாலும் அந்த நூறுக்குள்தான் வர வேண்டும்.

பலாப்பழம் கூடாது என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. கல்வராயன் மலையிலிருந்து பலா இறங்குகிற மாதங்களில் எங்கள் வீட்டில் வேறு வாசனையே இருக்காது. ஒரே உட்காரலில் பாதிப் பழம் தின்கிற மனுஷன் அவர். பஸ்ஸில் வரும்போது, "உடு, பப்பாளியாச்சும் குடுத்தாங்களே" என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

சரி, நூறு கிராமுக்கு நான் எங்கே போவேன்? எங்கள் வீட்டில் தராசு கிடையாது. எடை போடுகிறவர் வீடுதான், ஆனாலும் கிடையாது. இருந்தது ஒரு பித்தளை ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. அரிசியும் பருப்பும் அதில்தான் அளப்பேன், உறை ஊற்றும் பாலைக்கூட அதில்தான் அளப்பேன். ஒரு ஆழாக்கு அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். "தம்பி, இது எத்தினி கிராம்னு போட்டுச் சொல்லேன்" என்றேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே போட்டார். நூற்று நாற்பத்திரண்டு. ஆகா, கணக்கு முடிந்தது என்று வீட்டுக்கு வந்தேன். முழு ஆழாக்கு நூற்று நாற்பத்திரண்டு என்றால் நூறு என்பது முக்காலுக்கும் கீழே. ஆணியை எடுத்து, ஆழாக்குக்கு உள்பக்கம் மூன்றில் ரெண்டு பங்கில் ஒரு கீறல் போட்டேன்.

அரிசியைக் கொண்டுபோன கழுதை, பழத்தைக் கொண்டுபோயிருக்கக் கூடாதா? இப்போது கேட்கிறேன். அப்போது தோன்றவே இல்லை. நெல் விளைகிற வீட்டில் பிறந்து, நெல் விளைகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். எங்களுக்கு ஆழாக்கு என்றால் அது கொள்ளுகிற அரிசி. அதில் எதைப் போட்டாலும் அரிசியின் எடைதான் இருக்கும் என்றே புத்தி போகும். எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அரிசி சந்து விடாமல் அடைந்துகொண்டு உட்காரும், பப்பாளித் துண்டு ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நடுவில் வெறும் காற்றை விட்டு நிற்கும் என்பது ஒரு பச்சைப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் பழம். குழைந்துவிடக் கூடாதென்று பெரிய பெரிய துண்டாகவே நறுக்குவேன். கீறல் வரைக்கும் போடுவேன். போட்ட பிறகு பயம் வரும். கூடிவிட்டால் ரத்தத்தில் உப்பு ஏறி நெஞ்சு நின்றுவிடும் என்று அந்த அம்மா சொன்னது காதில் கேட்கும். ஒரு துண்டை எடுத்து என் வாயில் போட்டுக்கொள்வேன். மீதியைக் கிண்ணத்தில் கொட்டி அவரிடம் கொடுப்பேன்.

முதல் வாரமே கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தா, இது நூறு இருக்காது."

"இன்னா, இங்கியும் கமிட்டியா? நான் அளந்துதான் போட்டேன்."

"அளந்தது சரி. எடை இல்லியே."

"நோயாளி சொல்ற எடைய எவ நம்புவா? பேசாம துன்னுங்க."

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு எடையைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் தின்று முடித்ததும் கிண்ணத்தை நீட்டி, "இன்னொரு துண்டு வையேன்" என்பார். குழந்தை கேட்பது மாதிரி இருக்கும். நான் எரிந்து விழுவேன். "எனக்கு இன்னா ஆசையா உங்களுக்குக் குடுக்காம இருக்க? எதனா ஆச்சின்னா நான்தான் அனுபவிக்கணும்" என்பேன். ரெண்டு மாதம் போல இப்படிக் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். கொடுத்ததைத் தின்றுவிட்டு, கிண்ணத்தை அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். அப்பாடா, மனுஷனுக்குப் பழகிவிட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பார்த்துக்கொள்கிற விதத்தில் பார்த்துக்கொண்டால் எல்லாரும் வழிக்கு வருவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பத்து மாதம் இருந்தார். ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்தார். நான் போவதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சு நின்றுபோனது என்றார்கள். இந்த நோயில் அது எப்போது வேண்டுமானாலும் நடக்கும் என்றார்கள். பழத்தால் இல்லை, எதனாலும் இல்லை. அழுதேன். ஆனால் என் கடமையில் குறை வைக்கவில்லை என்ற தைரியத்தில்தான் அழுதேன்.

நாலைந்து மாதம் கழித்து, வீட்டில் தனியாகக் கிடக்காதே என்று மகளிர் குழுவில் என்னைப் பிடித்துச் சேர்த்தார்கள். வெள்ளிமலையில் ஜாம் போட ஒரு வாரப் பயிற்சி. காலை பஸ்ஸில் ஏறி, கோமுகி அணை தாண்டி வளைந்து வளைந்து மேலே போக வேண்டும். மலைப்பெண்கள் இருபது பேர், கீழே இருந்து நாங்கள் ஆறு பேர். சொல்லிக்கொடுக்க வந்த பெண் எல்லாவற்றையும் கிராமில் சொன்னது. பழம் இவ்வளவு கிராம், சர்க்கரை இவ்வளவு கிராம். மலைப்பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் படிதான், ஆழாக்குதான். ஒரு வயதான அம்மா எழுந்து, "ஆழாக்குல சொல்லு கண்ணு, கிராம நாங்க எங்க போயி தேடுறது?" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. நல்ல பெண். "சரி, நாமளே ஒரு கணக்குப் போட்டுச் சுவத்துல ஒட்டிடலாம். இங்க தராசு இருக்கு. ஒவ்வொரு பழத்தையும் நறுக்கி ஆழாக்குல அளந்து எடை பாருங்க" என்று சொல்லி, என்னைப் பார்த்து, "நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க, நீங்க பண்ணுங்கம்மா" என்றது. நான் உற்சாகமாகத்தான் எழுந்தேன். இந்தக் கணக்கில் நான் கரை கண்டவள் ஆயிற்றே!

கைக்கு எட்டிய முதல் பழம் பப்பாளி. என் வழக்கப்படி பெரிய துண்டாக நறுக்கினேன். ஆழாக்கு நிறைய, விளிம்பு மட்டம் போட்டேன். தட்டில் கொட்டித் தராசில் வைத்தேன். தட்டின் எடை போக, தொண்ணூற்று எட்டு என்று காட்டியது.

"தராசு தப்பு" என்றேன்.

அந்தப் பெண் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை எடுத்து வைத்தது. ஆயிரம் காட்டியது. சமையலுக்கு வைத்திருந்த அரிசியை அதே ஆழாக்கில் அள்ளி வைத்தேன். நூற்று நாற்பத்திரண்டு. ரேஷன் கடையில் பார்த்த அதே நம்பர். மறுபடியும் பப்பாளி. மறுபடியும் தொண்ணூற்று எட்டு. பிறகு, யாரும் கேட்காமலே, ஆழாக்கில் மூன்றில் ரெண்டு பங்கு போட்டேன். ஒரு துண்டை எடுத்துவிட்டேன். தராசில் வைத்தேன்.

ஐம்பத்து நாலு.

முழு ஆழாக்கு கொடுத்திருக்கலாம். தினமும், கோபுரமாக இல்லாவிட்டாலும் விளிம்பு வரைக்கும், அந்த மனுஷனுக்கு நான் கொடுத்திருக்கலாம். கொடுத்தது பாதி. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இன்னா அக்கா, தலை சுத்துதா?" என்று ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். பப்பாளி, ஒரு ஆழாக்கு, தொண்ணூற்று எட்டு என்று தாளில் எழுதினேன். அன்னாசியை எடுத்து நறுக்கினேன். அந்தக் கணக்குத் தாள் முழுக்க என் கையெழுத்துதான்.

இறங்கி வருகிற பஸ்ஸில் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது, நிறுத்த முடியவில்லை. ஒரு நாளைக்கு நாற்பத்தாறு கிராம். பத்து மாதத்துக்குக் கிட்டத்தட்ட பதினாலு கிலோ. ஒரு பெரிய கூடைப் பப்பாளி. சாகப்போகிற மனுஷனின் வாயிலிருந்து ஒரு கூடைப் பழத்தைப் பிடுங்கி வைத்திருக்கிறேன், தினமும் ஒரு துண்டை நான் தின்றுகொண்டு.

அன்றையிலிருந்து நாலு மணி ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. நான் பேய் பிசாசு என்று பயப்படுகிறவள் இல்லை. ஆனால் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும், தெருவில் ஆள் நடந்துகொண்டிருக்கும், அடுப்படியில் நிற்கிற எனக்குப் பின்னால் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்கும். "இன்னொரு துண்டு வையேன்." திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. கிண்ணங்கள் கவிழ்ந்தபடி இருக்கும். அந்தக் குரலில் கோபம் இருந்தால் தேவலை என்று நினைப்பேன், சண்டையாவது போடலாம். கோபமே இருக்காது. நாலு மணிக்கு முன்னாலேயே கதவைச் சாத்திக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு, அஞ்சு மணிக்குத் திரும்பி வருவேன். கேட்டவர்களிடம் கால் மரத்துப்போகிறது, நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று பொய் சொன்னேன்.

தராசு ஒன்று வாங்கினேன். கண்ணில் பட்ட பழத்தையெல்லாம் நறுக்கி, அளந்து, நிறுத்தேன். பச்சையாக எவ்வளவு, வேகவைத்து மசித்தால் எவ்வளவு என்று எழுதி எழுதி வைத்தேன். என்ன பைத்தியக்காரத்தனம்! தப்பு எங்கேயாவது என் பக்கம் இல்லாமல் போய்விடாதா என்று தேடினேன். தப்பு என் பக்கம்தான் இருந்தது.

வருஷ திதிக்கு அவருடைய அக்கா எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்தாங்க. எனக்கு நாத்தனார். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவங்க; அவர் படுத்திருந்த காலத்தில் மாதம் ஒரு தரமாவது வந்து பார்த்துவிட்டுப் போவாங்க. படையல் இலையில் வடை, பாயசம், சுண்டல் எல்லாம் வைத்தேன். பிறகு முழுசாக ஒரு பப்பாளியையும் நறுக்கிக் குவித்தேன். இலை கொள்ளவில்லை, வழிந்தது. அவங்க பார்த்துக்கொண்டே இருந்தாங்க.

"இன்னாம்மா இது, இலையில எடமே இல்லாம?"

அவ்வளவுதான், எனக்கு அடக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாததை எல்லாம் கொட்டிவிட்டேன். ஆழாக்கு, அரிசி, கீறல், ஐம்பத்து நாலு, எல்லாவற்றையும். "உங்க தம்பிய நான் பட்டினி போட்டுக் கொன்னுட்டேன் அண்ணி" என்று அவங்க காலைப் பிடித்தேன். திட்டுவாங்க என்று நினைத்தேன். திட்டினால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவங்க என் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தாங்க. பிறகு, "அவனுக்குத் தெரியும்மா" என்றாங்க.

"எது?"

"கம்மியா குடுக்கறன்னு. ஒரு தபா நான் வந்திருந்தப்ப, நீ தண்ணி புடிக்கப் போயிருந்த. கிண்ணத்தக் கையில வெச்சிக்கினு, 'அக்கா, இது அம்பதுதான் இருக்கும்'னான். எனக்கு ஆத்திரமா வந்துது. ஏன்டா, வாயத் தொறந்து கேளேன், நான் வேணா சொல்லட்டுமா உன் பொண்டாட்டி கிட்டன்னேன். வேணாம்னுட்டான்."

"ஏன் அண்ணி?"

"'நான் இன்னும் ரெண்டு தபா கேட்டா அவ எறங்கி வந்து குடுத்துடுவாக்கா. குடுத்த பின்னாடி எனக்கு எதனா ஒண்ணு ஆச்சின்னு வெய்யி, அந்தத் துண்டாலதான் செத்தான்னு அவ ஆயுசுக்கும் அழுதுகினு கெடப்பா. எனக்கு இன்னா, அம்பது துன்னா ஆவாதா? உடு'ன்னான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவன் தலையில என் கைய வெச்சி சத்தியம் வாங்கிக்கினான்."

அண்ணி அழுதாங்க. எனக்கு அழுகை வரவில்லை. பாவி மனுஷா, பழகிவிட்டது என்றல்லவா நான் நினைத்தேன்! எட்டு மாதம் தினமும் கையில் வாங்கி, எடை தெரிந்து, வாயை மூடிக்கொண்டு தின்றிருக்கிறாயே. ஒரே ஒரு தரம் கிண்ணத்தைத் தூக்கி என் மூஞ்சியில் எறிந்திருக்கக் கூடாதா? வந்த கோபத்தில் இலையில் இருந்ததையெல்லாம் வாரித் தெருவில் கொட்டிவிடலாமா என்றுகூட இருந்தது. அண்ணிதான் தீபாராதனையைக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன்.

ஆயுசு பூராவும் மூட்டையைத் தொட்டுப் பார்த்தே எடை சொன்னவர், என் விஷயத்தில் மட்டும் கணக்குத் தப்பிவிட்டார். கொடுத்தால் அழுவாள் என்று பயந்தாராம். கொடுத்திருந்தாலும் நான் அழுதுகொண்டுதான் இருந்திருப்பேன், கொடுக்காமலும் அழுதுகொண்டுதான் இருக்கிறேன். கொடுத்திருந்தால் அவர் தின்றாவது இருப்பார்.